சேர்வராயன் குகைக் கோயிலில் கைகொடுத்த அம்மையாருக்கு நன்றி

கடந்த ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சென்ற நாங்கள், மலையுச்சியில் சேர்வராயனும் காவிரியம்மனும் குடிகொண்டிருக்கும் குகைக் கோயிலுக்குள் குனிந்தபடி நுழைந்தபோது, ஈரப்பாறையில் கால் வழுக்கி என் தாயார் விழுந்துவிட்டார். அந்தக் குகை காவிரி பிறக்குமிடம் வரை நீள்வதாக மலைமக்கள் நம்புவதைச் சொல்லிக்கொண்டே போன எனக்கு அந்த இருட்டில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பின்னால் வந்த அம்மையார் ஒருவர்தான், தாழ்ந்த பாறை இடித்துவிடாதபடி அம்மாவின் உச்சந்தலைமேல் தம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "மெதுவா வாங்கம்மா, நான் பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிச் சொல்லியே வெளியே அழைத்து வந்தார். வீங்கிய கணுக்காலில் தம் துண்டை நனைத்துக் கட்டியும் விட்டார். நான் வண்டியைக் கொண்டுவருவதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அம்மையீர், அம்மா இப்போது நன்றாக நடக்கிறார். பெயர்கூடக் கேட்காமல் போனதற்கு மன்னியுங்கள். எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி உங்களுக்கு. உங்கள் துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம்.