மொட் 2 ரெஸ்டுக்கு முன், மகளுக்கு

அன்புள்ள மகள்,

மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் ரெஸ்டின் முதல் பகுதியான மொட் 1 பாஸ் பண்ணிவிட்டாய், இனி றோட்டில் ஓடிக் காட்டும் இரண்டாம் பகுதியான மொட் 2 மட்டும்தான் மிச்சம். "இந்த இரண்டு கிழமையும் எதைப் பழகட்டும் அம்மா?" என்று போனில் கேட்டாய். நான் வேலையில் நின்றதால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

கூம்புகளுக்கு நடுவே வளைந்து ஓடுவது, யூ-ரேர்ன் அடிப்பது, மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்து சடுதியாக நிறுத்துவது எல்லாம் மொட் 1 இல் முடிந்த கதை. மோட்டார் சைக்கிளைக் கட்டுப்படுத்த உனக்குத் தெரியும் என்று அவர்களே எழுதித் தந்துவிட்டார்கள். அதையே திரும்பவும் வெறும் கார் பார்க்கில் பழகிக்கொண்டு நிற்காதே. மொட் 2 இல் பார்ப்பது, வீதியில் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கிறாயா, கண்டதற்கு ஏற்றபடி ஓடுகிறாயா என்பதை. ஆகவே இனி உள்ள ஒவ்வொரு மணித்தியாலத்தையும் வாகனம் நிறைந்த றோட்டில் செலவழி. உன் பயிற்சியாளரிடமும் அதையே கேள்.

கார் லைசென்ஸ் எடுத்த நாளை நினைத்துப் பார். அன்று பரீட்சகர் பக்கத்துச் சீற்றில் இருந்தார், உன் கண் எங்கே போகிறது என்று பார்க்க அவருக்கு ஏலும். இப்போது அவர் உனக்குப் பின்னால் இன்னொரு மோட்டார் சைக்கிளில் வருவார். காதுக்குள் ஒரு சின்னக் கருவி வைப்பார்கள், அதில் அவருடைய குரல் மட்டும் கேட்கும். அவருக்குத் தெரிவது உன் ஹெல்மெட்டின் பின்பக்கம், தோள், பிரேக் லைற், இன்டிகேற்றர், வீதியில் நீ எந்த இடத்தைப் பிடித்து ஓடுகிறாய் என்பது. இவற்றை வைத்துத்தான் நீ எதைக் கண்டாய், எதைக் காணவில்லை என்று அவர் முடிவு செய்ய வேண்டும்.

இதனால்தான் "தலையை நல்லாத் திருப்பிக் காட்டு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த அறிவுரையில் முழு உடன்பாடு இல்லை. திரும்புவதற்கு முன் தோளுக்கு மேலால் பார்க்கும் அந்தக் கடைசிப் பார்வை கட்டாயம் வேண்டும். கண்ணாடியில் விழாத ஒரு மூலை எப்போதும் இருக்கிறது. நீ வலப்பக்கம் திரும்பப் போகும் நொடியில் ஒருவன் உன்னை முந்திக்கொண்டு வரலாம். ஆனால் தலை திரும்பி, கண்ணில் எதுவும் விழாமல், அல்லது விழுந்ததை மூளை கணக்கில் எடுக்காமல் போனால் அந்தப் பார்வையால் ஒரு பிரயோசனமும் இல்லை. பின்னால் வருகிறவருக்கும் அது விளங்கும். தலை திருப்பிய பிறகும் வேகம் மாறவில்லை, இடம் மாறவில்லை என்றால், இந்தப் பிள்ளை சும்மா தலையை ஆட்டுகிறாள் என்று அவர் எண்ணுவார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இடப்பக்கம் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. நான்காவது காரில் பிரேக் லைற் எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறது. நீ அந்த இடத்துக்கு வர முன்னமே கண்ணாடி பார்த்து, கதவு திறந்தாலும் தட்டாத அளவுக்கு வலப்பக்கம் கொஞ்சம் விலகி, அக்சிலேற்றரையும் கொஞ்சம் விட்டுவிட்டாய் என்றால், நீ ஒரு வார்த்தை பேசாமலே எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிவிட்டாய். சந்தியில் ஒரு வான் முகத்தை நீட்டிக்கொண்டு காத்து நின்றாலும் இதுதான். அந்த சாரதியின் முகம் உன் பக்கம் திரும்பியிருந்தாலும் அவன் உன்னைக் கண்டுவிட்டான் என்று நம்பாதே. அவனுடைய முன் சில்லைப் பார். சில்லு உருளத் தொடங்கினால் வெளியே வரப்போகிறான். "காணவில்லை, மன்னிக்க வேண்டும்" என்று எனக்குச் சொன்ன ஆட்கள் இந்த லண்டனில் கனபேர்.

இதைப் பழகுவதற்கு மோட்டார் சைக்கிள்கூடத் தேவையில்லை. பஸ்ஸில் மேல் மாடியில் முன் சீற்றில் இருந்துகொண்டு, அடுத்த நூறு மீற்றருக்குள் எது எது அசையும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு போ. மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகு ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே சொல்லு. "பஸ் நிற்கிறது, முன்னாலிருந்து ஆள் குறுக்கே வரலாம். பச்சை விழுந்து கனநேரம், மாறப்போகிறது." ஒருவருக்கும் கேட்காது. வாயால் சொல்லும்போது கண் தானாக இன்னும் தூரம் போகும், இதை நான் இன்றைக்கும் இரவு வேலை முடிந்து வரும்போது செய்கிறேன்.

மற்றப் பக்கமும் ஒன்று இருக்கிறது. ரெஸ்ட் நாளில் ஆட்கள் எல்லாவற்றுக்கும் பயந்து ஊர்ந்து போவார்கள். பயந்து ஓடினால் கவனமாக ஓடுகிறேன் என்று எடுப்பார்கள் என்பது அவர்களின் எண்ணம். அப்படி எடுக்க மாட்டார்கள். ரவுண்டபௌட்டில் தாராளமாக இடம் கிடைத்தும் போகாமல் நின்றால் அது பிழைதான். வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகையைத் தாண்டினால் சாதாரண வீதியில் மணிக்கு 60 மைல், நடுவே பிரித்த வீதியில் 70 மைல் வரை போகலாம். காய்ந்த றோட்டு, தெளிவான பார்வை, முன்னால் ஒரு வாகனமும் இல்லை என்றால், 45 இல் போவதற்கு உன்னிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும். வளைவு, மழை, குதிரை என்று காரணம் இருந்தால் சரி. உங்கள் ஊருக்கு வெளியே குதிரைக்காரர் அடிக்கடி வருவார்கள். 10 மைலுக்குக் கூடாமல், குறைந்தது இரண்டு மீற்றர் தள்ளி, இயந்திரத்தை உறுமவிடாமல் கடந்து போ. 20 மைல் பலகை உள்ள தெருவில் 24 இல் போவதும் பிழை, அதில் சலுகை எதிர்பார்க்காதே.

இன்டிகேற்றர் விசயத்தை எழுதாமல் விட மனம் வராது. கார் பழகிய கைக்கு அது தானாக நிற்கும் என்ற நினைப்பு இருக்கும். அநேகமான மோட்டார் சைக்கிள்களில் நாங்கள்தான் அமத்தி நிறுத்த வேண்டும். இடப்பக்க இன்டிகேற்றர் எரிந்தபடி நேரே போனால், அடுத்த ஒழுங்கையில் நிற்கும் கார்க்காரன் நீ உள்ளே திரும்பப் போகிறாய் என்று நம்பி வெளியே வருவான். பரீட்சகர் அதைப் பாரதூரமான பிழை என்று குறித்தால் அதோடு ரெஸ்ட் போச்சு. சின்னப் பிழைகள் 10 வரை பொறுப்பார்கள், பாரதூரமானது ஒன்று வந்தாலும் முடிந்தது. ஒவ்வொரு திருப்பம் முடிந்ததும், போடவே இல்லை என்று தெரிந்தாலும், பெருவிரலால் ஒருதரம் அமத்திவிடு.

ஒழுங்கைக்குள் திரும்பும்போது வாயிலில் கடக்கக் காத்து நிற்கும் ஆளுக்கு நீதான் வழி விட வேண்டும். 2022 தை மாதத்தில் ஹைவே கோட் என்ற இங்கத்தைய வீதி விதிப் புத்தகம் மாறியது, நீ கார் லைசென்ஸ் எடுத்தது அதற்கு முன்பு. உனக்குத் தெரிந்திருக்கும், ஆனால் கைப்பழக்கம் பழைய சட்டத்தில்தான் நிற்கும்.

செஃபீல்டில் பழகுவது ஒரு வகையில் உன் அதிர்ஷ்டம். ஏற்றம் இறக்கம் இல்லாத தெருவே அங்கே குறைவு. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்வார்கள், நிற்கும் காருக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டாக வளைத்து வெளியே எடுக்கவும் சொல்வார்கள். இடது கால் நிலத்தில், வலது கால் பின் பிரேக்கில். கிளச் பிடிக்கத் தொடங்கி வண்டி முன்னுக்கு இழுக்கிறது என்று உணர்ந்த பிறகு பிரேக்கை விடு. அவசரப்படுத்த மாட்டார்கள். இறக்கத்தில் கிளச்சைப் பிடித்துக்கொண்டு உருள விடாதே, கியர் குறைத்து இறங்கு.

ஹில்ஸ்பரோ பக்கம், லாங்செற் றோட்டில் ட்ராம் தண்டவாளம் தெருவோடு தெருவாக ஓடுகிறதே, அதை மழை நாளில் ஒருதரம் பயிற்சியாளரோடு போய்க் கடந்து பார். ஈரத்தில் அந்த இரும்பு வழுக்கும். அதன் மேல் ஓடும்போது பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம். முடிந்தளவு குறுக்காக, நிமிர்ந்தபடி கடக்க வேண்டும். இப்போது இலை கொட்டும் காலம் வேறு. ஈர இலை, மான்ஹோல் மூடி, வெள்ளைப் பெயின்ற் மூன்றும் ஒரே மாதிரித்தான். முன்வண்டியோடு இரண்டு செக்கன் இடைவெளி காய்ந்த றோட்டுக்கு, நனைந்தால் நான்கு.

இனி சின்ன விசயங்கள். வெளிக்கிட முன்னம் 20 மீற்றர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பரை வாசிக்கச் சொல்வார்கள். உன் மூக்குக்கண்ணாடி போன வருடத்து அளவு, ரெஸ்டுக்கு முன் ஒருக்கா கண்ணைக் காட்டிவிடு. சங்கிலியின் தளர்வு, எண்ணெய் மட்டம், ரயரின் நிலை பற்றி இரண்டொரு கேள்வி வரும், பின்னால் ஆள் ஏற்றினால் என்ன மாறும் என்றும் கேட்பார்கள். இதை மனப்பாடம் பண்ணாதே. உன் தம்பியைப் பின்னால் வைத்து ஓடுவதாக நினைத்துக்கொள். பாரம் பின்னுக்குப் போகும், நிறுத்த இன்னும் தூரம் எடுக்கும், மெதுவாக ஓடும்போது தளம்பும், ஹெட்லைற் மேலே தூக்கும். பதில் தானாக வரும். பத்து நிமிடம்போல வழிப்பலகை பார்த்துத் தனியாக ஓடும் பகுதியில் வழி பிழைத்தால் பதறாதே. பிழையான வழியில் சரியாக ஓடினால் அதற்குப் புள்ளி குறையாது. கடைசி நேரத்தில் லேனை வெட்டித் திருப்பினால்தான் குறையும்.

லைசென்ஸ் அட்டை, சி.பி.ரி (கட்டாய அடிப்படைப் பயிற்சி) பத்திரம், மொட் 1 பத்திரம் மூன்றையும் முதல் நாள் இரவே ஜாக்கெற்றுக்குள் வைத்துவிடு. ஒன்று விடுபட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், காசும் போகும். கணுக்கால் மூடாத சப்பாத்தோடு போனாலும் அதே கதை.

உன் மாமி நேற்றும் எடுத்துக் கதைத்தா. பொம்பிளைப்பிள்ளைக்கு எதற்குப் பெரிய மோட்டார் சைக்கிள், கார் இருக்கத்தானே என்று. அவவுக்கு உன் மேல் அன்பு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை, மண்ணெண்ணெயில் ஓடிய ஹொண்டா சாலி என்ற சின்ன மோட்டார் சைக்கிளில் ரியூசனுக்குப் போன பெண்பிள்ளைகளில் அவவும் ஒருத்தி, நானும் ஒருத்தி. வீதி ஆபத்தானது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நீ சந்தியில் நின்று மற்றவன் என்ன செய்யப்போகிறான் என்று பார்க்கப் பழகியவள் என்பதும் தெரியும். அதனால்தான் நான் தடுக்கவில்லை. பயமில்லாமல் இருக்கிறேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

ஒருவேளை சரிவரவில்லை என்றால் பத்து வேலை நாள் கழித்துத் திரும்ப ஓடலாம். வார நாளில் 75 பவுண்ட்ஸ், அதை நான் கட்டுகிறேன், அதைப் பற்றி யோசித்துக்கொண்டு ஓடாதே. பாஸ் பண்ணினால் அடுத்த ஞாயிறே ஸ்னேக் பாஸ் என்ற வளைவான மலைப்பாதைப் பக்கம் போகலாம் என்று உன் சிநேகிதர்கள் கூப்பிடுவார்கள். போ, ஆனால் காய்ந்த பகலில் போ. முன்னால் போகிறவனின் வேகத்தில் போகாமல் உன் வேகத்தில் போ. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிய வேண்டும்.

கையுறை ஒரு சோடி பார்சலில் போட்டிருக்கிறேன், புதன்கிழமை வரும். வந்த உடனே போட்டுக்கொண்டு கிளச்சையும் இன்டிகேற்றரையும் அமத்திப் பார். பெருவிரல் இறுக்கினால் சொல், மாற்றித் தருவார்கள், ரசீது உள்ளேயே இருக்கிறது.

அன்புடன்,
அம்மா