உளவியல் முதுகலைப் பட்டதாரிகள் சங்கம், கும்பகோணம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு 9 கூட்டங்கள் நடந்தன. நவம்பர் கூட்டம் மழையால் நின்றுபோனது. அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, பேருந்து நிலையத்தில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 அச்சிட்ட துண்டறிக்கைகள் கொடுத்தோம்.

உளவியல் படிப்பின் வரலாற்றைச் சொல்லும் ‘நம் படிப்பு வந்த வழி’ பேச்சுத் தொடரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். “பழங்கதை எதற்கு?” என்று ஆடி மாதக் கூட்டத்தில் ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். எம்.எஸ்சி. முடித்த கையோடு வாசலில் போர்டு மாட்டிவிடலாம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்காகத்தான் ஐயா. 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தனித் துறையாக வந்தபோது இது ஆய்வுக்கூடப் படிப்பு. ஹார்வர்டில் படித்துத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதை நடத்தினார். 1924இல் மைசூரில் எம்.வி. கோபாலசாமி துறையைத் தொடங்கினார். பின்னாளில் தன் வீட்டிலேயே வானொலி நிலையம் நடத்தி, ‘ஆகாசவாணி’ என்ற பெயரை நாட்டுக்குத் தந்தவரும் அவர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் துறை வந்தது 1943இல். நோயாளியோடு உட்கார்ந்து கற்கும் பயிற்சி வேறு வழியில் வந்தது. பெங்களூரில் 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் அமைந்த பிறகு, மருத்துவமனைக்குள் அது வளர்ந்தது. அதனால்தான் மருத்துவ உளவியலாளராக இன்றும் தனிப் பயிற்சியும், அரசின் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (RCI) பதிவும் வேண்டியிருக்கிறது. பாபநாசத்திலிருந்து வந்த ஒரு பெண், “அட்மிஷனுக்கு முன்னாடியே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம் சார்” என்றாள். மூன்று மாதம் உட்கார்ந்து தொகுத்ததற்கு அது போதும் எனக்கு.

ஆனால் பெங்களூர் பகுதியைக் கேட்க வந்தவர்கள் 7 பேர். வாட்ஸ்அப்பில் ‘வருகிறேன்’ என்று போட்டவர்கள் 22 பேர். நடவு, முகூர்த்தம் எல்லாம் புரிகிறது. ஒரு போன் செய்திருந்தால் அவ்வளவு சுண்டல் வாங்கியிருக்க மாட்டோம். ஆண்டுச் சந்தா 300 ரூபாய்தான், அதையும் பாதிப் பேர் கட்டவில்லை. சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு பாக்கி. பெயர்களைப் படிக்க எனக்கு மனமில்லை. புரொஜெக்டர் வாடகையை நானே கொடுத்தேன், கணக்கில் சேர்க்கவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கின்றன. கையிருப்பு சிறு தொகை. நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது, பார்க்கலாம். இடம் தந்த பள்ளிக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, டெல்டாவில் அஞ்சல் வழியில் உளவியல் படித்தவர்களின் அனுபவங்களைத் தொகுக்க ஆசை. தட்டச்சுக்கும் அச்சுக்கும் பணம் வேண்டும், கூட ஓர் ஆளும் வேண்டும். தனியாக இன்னொரு வருஷம் என்னால் முடியாது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

செயலாளர்