அகலப்படுத்த வேண்டாம், ஓரத்தைச் சரிசெய்யுங்கள்

ஈரநிலங்களையும் பழைய கிராமங்களையும் கடந்து போகும் சிறு சாலைகளைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றில் மிதிவண்டித் தடம் வகுப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

ஒரு சாலைக்கு மிதிவண்டிக்காரர்கள் நிறைய வரத் தொடங்கியதும் அதை அகலப்படுத்தத் தோன்றுவது இயல்பு. சதுப்பின் குறுக்கே மண் கொட்டி எழுப்பிய கரைச்சாலையில் மட்டும் அந்த நல்லெண்ணம் எங்களையே கீழே தள்ளுகிறது. மூன்றரை மீட்டர் அகலமும், இடையிடையே வண்டிகள் ஒதுங்க இடமும் இருந்தால் எங்களுக்குப் போதும். சாலை குறுகலாக இருப்பதால் நாங்கள் விழுவதில்லை. விரல் அகலத்துக்கு இருக்கும் சின்னப் பிழைகளால்தான் விழுகிறோம்.

எங்கள் டயர்கள் இப்போது பெரும்பாலும் 28 முதல் 32 மில்லிமீட்டர் அகலம், 23 மி.மீ. டயர்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மிதிவண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரம் இம்மியளவு திரும்பித் திரும்பித்தான் வண்டி நிமிர்ந்து ஓடுகிறது. அந்தத் திருப்பத்தைத் தடுத்துவிட்டால் எவ்வளவு தேர்ந்த ஓட்டியும் விழுவார். சாலைக்குக் குறுக்கே போகும் வெடிப்பு ஒரு குலுக்கலோடு முடிந்துவிடும். நெடுக்காகப் போகும் வெடிப்போ சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். உங்கள் பழுதுப் பதிவேட்டில் இரண்டும் ஒரே தலைப்பில் இருந்தால், தயவுசெய்து முதலில் அதைப் பிரித்து எழுதுங்கள். நாங்கள் கேட்கும் வரம்பு இது: பயணத் திசையில் ஓடும் பிளவு 12 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. அதே திசையில் ஓடும் உயரப்படி 10 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. குறுக்குப் படி 20 மி.மீ. வரை இருந்தாலும் தாங்கிக்கொள்வோம்.

நெடுக்கு வெடிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் அகலப்படுத்தலில் போய் நிற்கும். மட்கிய செடிகொடி படிந்த சதுப்பு மண்ணில் பெரும்பகுதி தண்ணீர்தான். பழைய கரை பல பத்தாண்டுகளாக அழுந்தி அமர்ந்திருக்கும். அதன் பக்கத்தில் ஒரு மீட்டர் புதுமண் கொட்டினால், அந்தப் பகுதி மட்டும் இன்னும் பல ஆண்டுகளுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். பழையதும் புதியதும் ஒட்டும் கோட்டில் தார் கிழியும். அந்தக் கோடு விழும் இடம் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர், அதாவது சரியாக நாங்கள் ஓட்டும் இடம். எங்களுக்காக அகலப்படுத்திய சாலையில் எங்கள் பாதையிலேயே பொறி வைத்தது போல ஆகிவிடுகிறது.

இறங்கிய இடத்தை மேலும் தார் போட்டு மட்டமாக்குவதும் பலன் தராது. புதுத்தாரின் எடையே அந்த இடத்தை இன்னும் இறக்கும். அடுத்த முறை இன்னும் கனமாகப் போட வேண்டியிருக்கும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகு அதே கனத்துக்குப் போடுவதே சரி. அடித்தளத்தைத் திறந்தே ஆக வேண்டும் என்றால், கனமான கப்பிக்குப் பதில் சுட்ட களிமண் உருண்டை போன்ற எடை குறைந்த நிரப்பையும், அடியில் அது சேற்றோடு கலக்காமல் தடுக்கும் பிரிப்புத் துணியையும் கேளுங்கள்.

கரைச்சாலை ஓர் அணையும்கூட. போதிய குழாய்ப்பாலங்கள் இல்லாவிட்டால் ஒரு பக்கம் தேங்கி மறுபக்கம் காயும். தேங்கிய பக்கத்தில் கரையின் அடி ஊறி இளகும், சாலையோரம் சரியும், ஓரத்துக்கு இணையாக வெடிப்பு விழும். நாணலுக்கும் நீர்ப்பறவைக்கும் தேவையான அதே குழாய்தான் எங்கள் முன்சக்கரத்துக்கும் தேவை. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கை, வேலி போட்டு மூடச் சொல்லவில்லை. ஈரநிலத்தின் இயல்பு கெடாத அறிவார்ந்த பயன்பாட்டைக் கேட்கிறது. குப்பை அடைத்த குழாயை மழைக்காலத்துக்கு முன் தூர்வாருவதைவிட மலிவான அறிவார்ந்த பயன்பாடு வேறு இருக்காது.

அடுத்தது ஓரம். தார் முடியும் இடத்தில் மண் அரித்துப் போய் ஐந்து, பத்து சென்டிமீட்டர் செங்குத்துப் படி உருவாகிறது. எதிரே டிராக்டர் வந்தால் நாங்கள் இறங்கிவிடுவோம். ஆபத்து மீண்டும் ஏறும்போதுதான் வருகிறது. சாலைக்கு ஏறக்குறைய இணையாகப் போய்க்கொண்டே ஏற முயன்றால் டயர் படியை உரசிக்கொண்டு வருமே தவிர ஏறாது. உடல் சாலைப் பக்கம் சாய்ந்துவிடும், சக்கரம் கீழேயே நிற்கும். தார் விரிக்கும்போதே இயந்திரத்தில் ஒரு சாய்தகடு பொருத்தி ஓரத்தை 30 பாகைச் சரிவாக அழுத்தி முடித்துவிடலாம். அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை பரிந்துரைக்கும் முறை இது. அங்கே கார்களை மனத்தில் வைத்துச் செய்தார்கள், எங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. இறுகிய சரிந்த ஓரம் எளிதில் உதிராது என்பதால் சாலையின் ஆயுளும் கூடும்.

தார் தெளித்துப் பொடிஜல்லி தூவும் வேலைக்குப் பிறகு துடைப்பான் வண்டி வராத சாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்ச் சக்கரங்கள் ஜல்லியைத் தங்கள் தடத்தில் அழுத்தி, மிச்சத்தை ஓரத்துக்கும் வளைவின் வெளிப்பக்கத்துக்கும் ஒதுக்கிவிடும். இரண்டும் எங்கள் இடங்கள். 10 மி.மீ. ஜல்லிக்குப் பதில் 6 மி.மீ. தூவுங்கள். முதல் சில நாட்களில் ஒருமுறையும், வாரம் கழித்து இன்னொரு முறையும் பெருக்குங்கள். வெடிப்பை அடைக்கத் தார் ஊற்றினால் பட்டையைக் குறுகலாக விட்டு மேலே பொடிமணல் தூவுங்கள். வெறும் தார்ப்பட்டை மழையில் கண்ணாடி.

மரப்பாலங்களில் பலகைகள் குறுக்காகத்தான் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. நிழலில் பாசி பிடிக்கும் பாலத்துக்கு மணல் பதித்த வழுக்காப் பட்டைகள் தேவை. கோழிவலை அடிப்பது மலிவுதான், ஆனால் ஆணி கழன்றதும் அதன் கம்பி முனையே டயரைக் குத்தும். வடிகால் கம்பித்தட்டின் கம்பிகள் பயணத் திசைக்கு இணையாக இருந்தால் 90 பாகை திருப்பி வையுங்கள். சதுரத் தட்டு என்றால் ஐந்து நிமிட வேலை. கால்நடை தாண்டாமலிருக்கப் பதிக்கும் கம்பிப் பள்ளம் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை, அது நேர்ச்சாலையில் இருக்கும்வரை. வளைவிலோ இறக்கத்தின் அடியிலோ இருந்தால், ஈரக் கம்பியின் மேல் திருப்பவும் முடியாது, பிரேக்கும் பிடிக்க முடியாது.

இனி கிராமங்கள். கல் பாவிய பழைய தெருவை எங்களுக்காகத் தார் போட்டு மூடிவிடாதீர்கள். மணல் படுகையில் பதித்த கல் தண்ணீரைக் கீழே விடும். பக்கத்துப் பழைய சுவர்கள் அதனால்தான் உலர்ந்து நிற்கின்றன. இடுக்குகளில் சிமென்ட் பூசுவதும் வேண்டாம். கற்கள் அசையும், சிமென்ட் அசையாது, ஓரிரு குளிர்காலத்திலோ மழைக்காலத்திலோ அது துண்டு துண்டாகப் பெயரும். கரடான கூர்மணலை நிரப்பி, மழை அதை அடித்துப் போனதும் மறுபடி நிரப்புவதுதான் பராமரிப்பு. மழைநீர் இடுக்கைக் காலி செய்துவிட்டால் கல் ஆடும், ஆடும் கல் சாயும், சாய்ந்த கல்லின் விளிம்பு டியூபை ரிம்மோடு சேர்த்து நசுக்கி இரட்டைத் துளை போடும். கல்சாலைகளுக்காகவே பேர்போன பிரான்சின் பாரி–ரூபே மிதிவண்டிப் பந்தயத்தின் தடத்தை ஒரு தன்னார்வச் சங்கம் பேணிவருகிறது. அந்தத் தடத்தின் அரென்பர்க் காட்டுப் பகுதியில் கற்களுக்கிடையே முளைத்த புல்லை மேய ஆடுகளைக்கூட விட்டார்கள். உங்களுக்கு அந்த அளவு வேண்டாம். தெருவின் ஒரு பக்கம் ஒரு மீட்டர் அகலத்துக்கு, அதே வகைக் கல்லை மேற்பரப்பு மட்டும் அறுத்துத் தட்டையாக்கிப் பதித்தால் சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் எங்களுக்கும் ஒரே வழி கிடைத்துவிடும். ஒரே நிபந்தனை: அந்தப் பட்டைக்கும் கரடான கல்லுக்கும் நடுவே நெடுக்குப் படி வரக்கூடாது.

கார்களைத் தடுக்க நடும் கம்பத்தைப் பற்றி. குழுவாகப் போகும்போது பின்னால் வருபவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும்; கம்பம் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். தேவையில்லாத இடத்தில் நடாதீர்கள். தேவைப்பட்டால் ஒன்றோ மூன்றோ நடுங்கள். இரண்டு நட்டால் எதிரெதிரே வருபவர்கள் இருவருமே நடு இடைவெளிக்குத்தான் குறிவைப்பார்கள். இடைவெளி ஒன்றரை மீட்டர் இருக்கட்டும். கம்பத்துக்குப் பல மீட்டர் முன்பிருந்தே தரையில் சொரசொரப்பான வெள்ளைப் பட்டை போட்டால், கண் பார்க்கும் முன் கை உணரும்.

வழிகாட்டிப் பலகைகளைக் குறைக்க ஒரு நல்ல முறை ஏற்கெனவே இருக்கிறது. பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் 1990களில் ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் யோசித்தது. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண், பலகையில் அடுத்த எண்ணும் அம்புக்குறியும் மட்டும். ஓட்டுபவர் நாலைந்து எண்களைத் துண்டுச்சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும். பழைய தெருவின் முகப்பில் பத்து ஊர்ப்பெயர்கள் தொங்க வேண்டியதில்லை. கூடுகட்டும் பருவத்தில் ஒரு கரையை மூட வேண்டுமா? ஓர் எண்ணை மறைத்து மாற்று எண்ணைக் காட்டிவிடலாம். மூடும் தேதியையும் திறக்கும் தேதியையும் பலகையிலேயே போட்டுவிட்டால் யாரும் முணுமுணுக்க மாட்டோம்.

விளக்குக் கம்பம் கேட்பவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஈரநிலத்தில் அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பூச்சியையும் வௌவாலையும் அது குழப்பும். எங்கள் வண்டியில் விளக்கு இருக்கிறது. ஒளி திருப்பும் மெல்லிய ஓரக்கோடு போதும். ஆனால் தடித்த பிளாஸ்டிக் வண்ணம் ஈரத்தில் வழுக்கும், தண்ணீரையும் அணைகட்டி நிறுத்தும்.

வெள்ளம் வடிந்தபின் சாலையில் படியும் வண்டல் படலம் காய்ந்து தெரிந்தாலும், பனி விழுந்ததும் சோப்பாகிவிடும். அதைக் கழுவித்தள்ளாமல் திறக்க வேண்டாம். ‘சாலை மூழ்கியுள்ளது’ என்ற பலகையைத் தண்ணீர் நிற்கும் இடத்தில் வைத்துப் பயனில்லை. கடைசியாக வேறு வழி பிரியும் சந்திப்பில் வையுங்கள்.

ஒதுங்கும் இடங்களை ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அமையுங்கள். திறந்த வெளியில் பக்கக்காற்று அடித்தால் நாங்கள் நேர்வரிசையில் போவதில்லை. காற்று மறைவுக்காகச் சாய்வரிசையில் பரவுவோம், சாலை முழுதும் நிறையும். பின்னால் வண்டி வந்தால் அடுத்த ஒதுங்கிடத்தில் சேர்ந்து ஒதுங்குவது எங்கள் பொறுப்பு. நாணல் மறைவு முடிந்து சட்டென்று வெளி திறக்கும் இடத்தில் காற்று எங்களை ஒரு முழம் தள்ளும். அந்த இடத்தில் மட்டும் ஓரம் உடையாமல் இருக்கட்டும்.

வேலை முடிந்து சான்று கொடுக்கும் முன் ஒரு சோதனை. ஜீப்பில் போனால் இவற்றில் பாதி தெரியாது. 25 மி.மீ. டயர் போட்ட மிதிவண்டியில், மழை விட்ட மறுநாள் காலை, இரு திசையிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓரத்திலிருந்து ஒரு மீட்டருக்குள்ளேயே போக வேண்டும். கையில் 12 மி.மீ. கம்பித் துண்டு ஒன்று இருக்கட்டும். நெடுக்குப் பிளவில் அது படுத்தபடி உள்ளே விழுந்தால் அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

இப்படிக்கு,
அந்தச் சாலைகளில் ஓட்டுகிறவர்கள்