மூன்று சக்கரப் பந்தயத்தைப் பிரித்துக் கொடுங்கள்

சர்வதேச பாராலிம்பிக் குழுவினருக்கும் சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தாருக்கும் வணக்கம்.

டேவிட் ஸ்டோனை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெருமூளை வாதம் உள்ள, மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிய பிரிட்டன் வீரர். 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கில் டைம் டிரையல் (ஒவ்வொருவராகக் கிளம்பி நேரத்தோடு போட்டியிடுவது), சாலைப் பந்தயம் (எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவது) இரண்டிலும் தங்கம். 2012 லண்டனில் சாலைப் பந்தயத்தில் மறுபடி தங்கம், டைம் டிரையலில் வெண்கலம். 2016 ரியோவிலும் வெண்கலத்தோடு திரும்பினார்.

அவர் ஓட்டியது முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று சக்கரம் கொண்ட சைக்கிள். மூன்று சக்கரம் என்றதும் சுலபம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இரண்டு சக்கர சைக்கிளை வளைவில் சாய்த்துத் திருப்பலாம். இது சாயாது. வேகமாகத் திரும்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். அதை அமுக்கிப் பிடிக்க, ஓட்டுபவர் தன் உடம்பையே வளைவின் உள்பக்கம் தள்ள வேண்டும். தசை இறுகிப்போகும், கை கால் சொன்ன பேச்சு கேட்காது, அந்த உடம்போடுதான் இதைச் செய்கிறார்கள். ஒரு வளைவை அவர்கள் கடப்பதைப் பார்த்தவர்கள் யாரும் அதைச் சாதாரணமாகப் பேச மாட்டார்கள்.

இந்த வீரர்களை நீங்களே இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறீர்கள். சமநிலையும் அசைவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் டி1. அதைவிடக் குறைவான பாதிப்பு உள்ளவர்கள் டி2. உலக சாம்பியன்ஷிப்பில் இரு பிரிவுக்கும் தனித்தனிப் பட்டம் உண்டு. ஆனால் பாராலிம்பிக்கில், பாரிஸ் 2024 வரை, இருவரையும் ஒரே பந்தயத்தில்தான் சேர்த்தீர்கள். டோக்கியோவில் சைக்கிளுக்கென்று இருந்த 51 பதக்கப் போட்டிகளில் மூன்று சக்கரத்துக்குக் கிடைத்தவை 4 மட்டுமே.

டைம் டிரையலிலாவது டி1 வீரரின் நேரத்தை ஒரு எண்ணால் பெருக்கி ஈடு செய்யலாம். சாலைப் பந்தயத்தில் முடிவுக் கோட்டை முதலில் தாண்டுபவருக்குத்தான் தங்கம். கனடாவின் ஷெல்லி கோட்டியேவைப் பாருங்கள். மலைச் சைக்கிள் விபத்தில் மூளையில் அடிபட்டு, உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்தவர். டி1 பிரிவில் பல முறை உலக சாம்பியன். ரியோ பாராலிம்பிக்கில் அவருக்குக் கிடைத்தது ஒரு வெண்கலம். அதுவும் டைம் டிரையலில். இவ்வளவுக்கும் நடுவே அவர் விடாமல் ஓட்டினார் என்பதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

போதுமான வீரர்கள் இல்லை, போதுமான நாடுகள் இல்லை என்பீர்கள். பதக்கம் இல்லாத பிரிவுக்கு எந்த நாடு பயிற்சியாளரை அமர்த்தும்? எந்த நாடு பணம் ஒதுக்கும்? பணம் இல்லாததால் வீரர்கள் வருவதில்லை. வீரர்கள் வராததால் பதக்கம் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க உங்களால்தான் முடியும்.

ஏற்கெனவே ஒரு முறை அவிழ்த்தும் இருக்கிறீர்கள். பெய்ஜிங்கிலும் லண்டனிலும் மூன்று சக்கரத்தில் ஆண், பெண் எல்லோரும் ஒரே பந்தயத்தில்தான் ஓட்டினார்கள். லண்டனில் ஸ்டோன் வெண்கலம் வாங்கிய அதே டைம் டிரையலில் ஆஸ்திரேலியாவின் கேரல் குக் தங்கம் வென்றார். ரியோவில் பெண்களுக்குத் தனிப் போட்டி தந்தீர்கள். அப்புறம் நடந்ததைப் பாருங்கள்: டோக்கியோவில் பெருமூளை வாதம் உள்ள ஜெர்மனியின் யானா மயுங்கே, பெண்கள் பிரிவின் இரண்டு தங்கத்தையும் வாங்கினார். கலப்புப் போட்டி அப்படியே நீடித்திருந்தால், சாலைப் பந்தயத்தில் அவர் ஆண்களோடு மோத வேண்டியிருந்திருக்கும்.

அதனால் கேட்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. முதலில் சாலைப் பந்தயத்தில் டி1, டி2 இரண்டையும் பிரியுங்கள். 2032 பிரிஸ்பேன் போட்டிக்குள் இது நடக்கும் என்று இப்போதே அறிவித்தால், நாடுகள் ஆள் தேடவும் வீரர்கள் தயாராகவும் அவகாசம் கிடைக்கும். ஒரு பிரிவுக்குத் தனிப் பதக்கம் தர எத்தனை வீரர்கள், எத்தனை நாடுகள் வேண்டும் என்பதையும் டி1 வீரர்களிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
இந்தப் பந்தயங்களை விடாமல் பார்க்கும் ஒரு ரசிகன்