நார்த் ஆடம்ஸ் கட்டுரைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த் ஆடம்ஸ் ஊரில், 1870 ஜூன் 13 அன்று ரயிலை விட்டு இறங்கிய 75 சீனத் தொழிலாளர்களைப் பற்றி நான் எழுதிவந்த நெடுங்கட்டுரை ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. தலைப்பின் கீழே என் பெயர் மட்டும்தான் இருக்கும். அது நியாயமில்லை. உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்றதால், ஆளைச் சொல்லாமல் உதவியைச் சொல்கிறேன்.

முதல் நன்றி, பழைய படங்கள் சேகரிக்கும் அந்த ஊர்ப் பெரியவருக்கு. கால்வின் சாம்ப்சனின் காலணித் தொழிற்சாலைச் சுவரோரம் சீனர்களை வரிசையாக நிற்கவைத்து எடுத்த இரட்டைப் படத்தை, இரண்டையும் ஆழம் தெரியும் ஒரே காட்சியாகக் காட்டும் கண்ணாடிக் கருவியில் செருகி என் கையில் கொடுத்தார். சுவர் பின்னால் நகர, ஆட்கள் முன்னால் வந்து நின்றார்கள். பாதி முகங்களில் இன்னும் மீசை அரும்பவில்லை. ‘கூலிப் பட்டாளம்’ என்று அன்றைய பத்திரிகைகள் பயந்து எழுதியது இந்தப் பையன்களைப் பார்த்துத்தான்!

அடுத்து, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் காலமெல்லாம் உழைத்து ஓய்வுபெற்ற என் தாய்மாமா. சாம்ப்சன் சீனர்களைக் கொண்டுவந்தது, செயின்ட் கிறிஸ்பின் என்ற காலணித் தொழிலாளர் சங்கத்தாரின் வேலைநிறுத்தத்தை முறிக்கத்தான். காலணிக்கு அடிப்பாகம் பூட்டுகிறவர்களின் இடத்தில் இவர்களை உட்கார வைத்தார் என்பது வரை படித்துத் தெரிந்திருந்தது. அந்த வேலை என்ன வேலை என்று மாமாதான் வீடியோவில் செய்தே காட்டினார். மேல்தோலைக் கால் வடிவக் கட்டை மேல் போர்த்தி, குறடால் இழுத்து, சுருக்கம் விழாமல் ஓரத்தை மடித்து ஆணி இறக்க வேண்டும். “மூக்குப் பக்கம் இழுக்கும்போது கொஞ்சம் அசந்தா ஜோடி மாறிப்போகும்டா” என்றார். காலணிப் பட்டறையையே பார்த்திராத பையன்கள் இதைப் பழகினார்கள். முதல் வருடம் மாதம் 23 டாலர், அதன்பின் 26 டாலர், மூன்று வருட ஒப்பந்தம்.

கிறிஸ்பின் சங்கத்தில் இருந்த பிரெஞ்சு-கனடியக் குடும்பம் ஒன்றின் கொள்ளுப்பேத்திக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். என் முதல் வரைவில் சங்கத்தார் வெறும் வில்லன்களாக இருந்தார்கள். அவர் படித்துவிட்டு, “எங்கள் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டியிருந்தது” என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார். அதன்பிறகுதான், அதே சங்கத்தார் சீனர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு கிளை தொடங்கப் பார்த்தார்கள், அது கைகூடவில்லை என்ற செய்திக்கு உரிய இடம் கிடைத்தது. கருங்காலி என்று ஒரே சொல்லில் முடித்துவிடக்கூடிய கதையல்ல இது. ஆட்டத்தை ஆடியவர் முதலாளி. வயிற்றில் அடிபட்டவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

பாஸ்டன் சைனாடவுனில் தேநீர் ஊற்றி ஊற்றிப் பேசிய தாத்தாவுக்கு என் வணக்கம். நார்த் ஆடம்ஸிலிருந்து போனவர்கள்தான் 1875 வாக்கில் பிங் ஆன் சந்தில் கூடாரம் அடித்தார்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். கட்டுரையில் இதை வாய்மொழி வழக்கு என்றே குறித்திருக்கிறேன். தாத்தாவுக்கு அதில் வருத்தம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும். லூ கிம் காங்கை விட்டுவிடாதே என்று நச்சரித்தவரும் அவரே. இதே ஆலைக்குச் சிறுவனாக வேலைக்கு வந்து, பிறகு ஃபுளோரிடாவின் டிலாண்டில் ஆரஞ்சு வளர்த்து, 1911இல் அமெரிக்கப் பழவியல் சங்கத்தின் வில்டர் பதக்கம் வாங்கியவர். அவருக்கென்று ஒரு பகுதி ஒதுக்கிவிட்டேன், தாத்தா.

1870 மக்கள்தொகைக் கணக்கின் கையெழுத்துத் தாள்களைச் சம்பளமின்றித் தட்டச்சு செய்துவைத்த முகம் தெரியாத தன்னார்வலர்களுக்கும், வீட்டு வேலையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்ட என் மனைவிக்கும் நன்றி. மெய்ப்புப் பார்த்த நண்பருக்கு ஒரு விருந்து பாக்கி இருக்கிறது.

அச்சானதும் எல்லோருக்கும் ஆளுக்கொரு படி தபாலில் வரும். அடுத்து பென்சில்வேனியாவின் பீவர் ஃபால்ஸ் கத்தித் தொழிற்சாலைக்கு 1872இல் வந்த சீனர்களைத் தேடப் போகிறேன். அந்தப் பக்கம் யாருக்காவது ஆள் தெரிந்தால் சொல்லுங்கள்.