கான் எங்க போய் முடியுது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வீட்டுத்திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினா பேப்பரில படம் வருது, திறப்பு விழாவுக்கும் வருது, பிறகு அங்க சனம் எப்பிடிச் சீவிக்குது எண்டு ஒருத்தரும் எட்டிப் பாக்கிறேல்ல, அதான் எழுதுறன்.

நாங்கள் நிலாவெளிப் பக்கம் கடற்கரையோட இருந்த ஆக்கள். 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில கடலில இருந்து 200 மீற்றருக்குள்ள வீடு கட்டக்கூடாது எண்டு சொன்னவை (தெற்கில 100 தான், அந்தக் கணக்கைக் கடலிட்டத்தான் கேக்கவேணும்). பிறகு அதைத் தளர்த்தினவை, ஆனா அதுக்கிடையில எங்களை உள்ளுக்குக் கொண்டுபோய் ஒரே அச்சில வார்த்த மாதிரிக் கல்வீடுகளில விட்டாச்சு. வீடு நல்ல வீடுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனா குசினியை மேற்குப் பக்கம் வச்சுக் கட்டிப்போட்டினம், கச்சான் காத்து அடிச்சா அடுப்புப் புகை முழுக்க அறைக்குள்ளதான், ஊர்க் கிழவி ஒராளைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பா. வலை காயப்போட இடமில்ல, தொழிலுக்குப் போறவர் போட் இஞ்சினைக் கரையில விட்டா களவு போயிடும் எண்டு தினமும் ஓட்டோ பிடிச்சு ஏத்திக்கொண்டு வாறார், பிடிச்ச மீன்காசில பாதி ஓட்டோவுக்கே போகுது. மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டினவை, அது மூண்டாவது ஒழுங்கையில ஒரு வீட்டுப் படலைக்கு முன்னால அப்பிடியே நிக்குது, மாரி வந்தா தண்ணி போக வழியில்லாமத் திரும்பி எங்கட வளவுக்குத்தான் வருது.

சனத்தைக் கேட்டுக் கட்டிறது இந்த நாட்டுக்குப் புதுசில்ல. பிரேமதாச பிரதமரா இருந்த காலத்தில 1984இல தொடங்கின பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தில அரசாங்கம் சின்னக் கடனைக் குடுத்து உதவினது, கட்டினது சனம். பிறகு சண்டை முடிஞ்சு இந்திய அரசாங்கம் காசு குடுத்த இந்தியன் வீட்டுத்திட்டத்திலயும் ஐந்தரை லட்சம் ரூபா கட்டம் கட்டமாக் கணக்குக்கு வந்தது, காசு காணாம நகை அடகு வச்சவையும் இருக்கினம்தான், ஆனா குசினியை எங்க வைக்கிறதெண்டு வீட்டுக்காரிதான் சொன்னவ. இதையெல்லாம் பாத்த பிறகும் 2016 அளவில இந்த வெயிலுக்கு 65,000 இரும்பு வீடு, ஒண்டு 21 லட்சம் ரூபா எண்டு அரசாங்கத்து ஆக்கள் வந்தவை, சனம் சத்தம் போட்டபடியாத் தப்பினம்!

இனி அடிக்கல் நாட்ட வாறவையிட்ட உங்கட நிருபர் ரெண்டு கேள்வி கேக்கட்டும்: கான் எங்க போய் முடியுது, பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் காலமை பஸ் எத்தினை மணிக்கு? போன மாரியில எங்கட ஒழுங்கையில தண்ணி நிண்ட படம் என்ர போனில கிடக்கு, அனுப்பிறன், திறப்பு விழாப் படம் போட்ட அதே அளவில போடுங்கோ.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை