அரசுப் பல்கலைக்கழக வைப்புநிதிக்கு வரும் நன்கொடைக்கு ஈடாக அரசும் நிதி சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மாநில அரசுப் பல்கலைக்கழகங்களின் முன்னாள் மாணவர்கள் சிலர்,
மதுரை.

பெறுநர்:
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: பல்கலைக்கழக வைப்புநிதி – நன்கொடைக்கு இணையாக அரசுப் பங்கு – திட்டம் வகுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். குறைந்த கட்டணத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களில் படித்து, இன்று ஓரளவு சம்பாதிக்கும் நிலையில் இருப்பவர்கள் நாங்கள். படித்த இடத்துக்கு ஏதாவது செய்ய ஆசைதான். ஆனால் “நான் கொடுக்கும் ஒரு லட்சத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?” என்ற இடத்திலேயே பேச்சு நின்றுபோகிறது. புதிய வருமானவரி முறைக்கு மாறியவர்களுக்கு நன்கொடைக்கான வரிக்கழிவும் இல்லை. எனவே ஒருவர் ஒரு ரூபாய் கொடுத்தால் அரசும் ஒரு ரூபாய் சேர்த்து, இரண்டையும் பல்கலைக்கழக வைப்புநிதியில் போட்டு, வட்டியை மட்டும் செலவிடும் திட்டம் ஒன்று வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

அரசுக்கு இது பழகாத வழி அல்ல. நமக்கு நாமே திட்டத்தில் ஊர்மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தருகிறது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்காக 60 லட்சம் டாலர் திரட்டப்பட்டபோது, 2017ல் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. அதற்கு நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் உலகிலேயே பெரிய வைப்புநிதி வைத்திருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு நாம் செய்ததை, சொந்தப் பல்கலைக்கழகங்களுக்குச் செய்யத் திட்டம் இல்லையே என்பது உறுத்துகிறது.

சிங்கப்பூர் அரசு தன் பல்கலைக்கழகங்களுக்கு வரும் நன்கொடைக்கு நெடுங்காலமாக ஈடுநிதி கொடுத்து வருகிறது. ஹாங்காங் 2003ல் 100 கோடி ஹாங்காங் டாலர் ஒதுக்கி இதைத் தொடங்கியபோது, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 4.5 கோடியைத் தனியே எடுத்து வைத்தது. ஒரே நிறுவனம் 25 கோடிக்கு மேல் பெற முடியாது என்றும் வரம்பு போட்டது. நமக்கு இதுதான் முக்கியம். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், வசதியான முன்னாள் மாணவர்கள் நிறைந்த சென்னைப் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போய்விடும். கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் வேடிக்கை பார்த்து நிற்கும். அத்தகையவற்றுக்கு அரசின் பங்கு ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் இதே போன்ற வாக்குறுதியைக் கொடுத்துவிட்டு, பட்ஜெட் இறுகியதும் 2011ல் ஈடுநிதியை நிறுத்திவைத்தது. நம்பிக் கொடுத்தவர்களின் நன்கொடைகள் ஈடு வராமல் தேங்கின. ஆகவே ஆண்டுதோறும் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே தொகையை அறிவித்து, அது தீரும்வரை மட்டும் ஈடு கொடுத்தால் போதும். சிறிய தொகையானாலும் சரி, சொன்னது வர வேண்டும்.

அடுத்தது, எங்களைவிட நன்கொடையாளர்கள் அதிகம் கவலைப்படும் விஷயம். சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் திண்டாடும் பல்கலைக்கழகத்தில் வைப்புநிதி மேல் கை வைக்கத்தான் தோன்றும். அதனால் இந்தப் பணம் நடப்புக் கணக்கோடு கலக்கவே கூடாது. அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அசலைத் தொட முடியாதபடி தனிக்கணக்கு, ஆண்டுத் தணிக்கை, இருப்புத்தொகை இணையதளத்தில் வெளியீடு – இவை அரசாணையிலேயே இடம்பெற வேண்டும். வட்டியில் ஒரு பகுதி அசலோடு சேரவும் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் 5,000 ரூபாயில் வைத்த பரிசு அறக்கட்டளையின் வட்டியில் இன்று ஒரு நல்ல பாடநூல் வாங்குவதே சிரமம்.

அப்புறம், பணம் கொடுத்தவர் பெயரை உதவித்தொகைக்குச் சூட்டலாம். பணி நியமனத்திலோ மாணவர் சேர்க்கையிலோ அவருக்கு எந்தப் பங்கும் இருக்கக் கூடாது.

வரும் நிதிநிலை அறிக்கையில் இதற்குத் தொகை ஒதுக்கி, முதலில் நான்கைந்து பல்கலைக்கழகங்களிலாவது தொடங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அரசாணை வந்ததும் எங்கள் பங்கைச் செலுத்தத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் மாணவர்கள்
இடம்: மதுரை